டிஎல்எல் கோப்பு இருந்தும் எஸ்ஏபி ஜேகோ கனெக்டர் "இல்லை" என்று பிழை காட்டுவது ஏன்?

விண்டோஸ் சர்வரில் டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரின் மேல் ஓடும் மென்பொருளை, எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுடன் இணைப்பதற்காக ஜேகோ 3.1 கனெக்டரை (ஜாவாவையும் எஸ்ஏபியையும் இணைக்கும் நூலகம்) அமைத்ததாகவும், அதன் விண்டோஸ் நூலகக் கோப்பான எஸ்ஏபிஜேகோ3.டிஎல்எல்லை உரிய ஃபோல்டரில் வைத்த பிறகும் "அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்" (நூலகத்தை ஜாவாவால் ஏற்ற முடியவில்லை என்ற பிழை) வருவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கோப்பை இன்னும் நான்கு இடங்களில் நகலெடுத்து வைப்பதற்கு முன், லாகில் (மென்பொருளின் பதிவுக் கோப்பில்) அந்தப் பிழை வரியைக் கடைசிச் சொல் வரை படித்துப் பாருங்கள்.

"நோ எஸ்ஏபிஜேகோ3 இன் ஜாவா.லைப்ரரி.பாத்" என்று இருந்தால், ஜாவா தேடிய இடங்களில் அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். டிஎல்எல்லின் முழுப் பாதையையும் எழுதி, அதன் பின்னால் "கான்ட் ஃபைண்ட் டிபென்டன்ட் லைப்ரரீஸ்" என்று இருந்தால் கதையே வேறு: கோப்பு கிடைத்துவிட்டது, அது தன் வேலைக்கு நம்பியிருக்கும் இன்னொரு கோப்புதான் சர்வரில் இல்லை. இல்லாத கோப்பின் பெயரைப் பிழைச்செய்தி சொல்வதே இல்லை. கிடைத்த கோப்பின் பெயரைத்தான் சொல்கிறது. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையின் சோதனைச் சர்வரில் ஒழுங்காக ஓடிய கனெக்டர், உற்பத்திச் சர்வருக்கு மாற்றியதும் இதே பிழையைக் காட்டியது. இரண்டு நாட்கள் டிஎல்எல்லை சிஸ்டம்32-இல் வைத்தும், டாம்கேட்டின் "பின்" (bin) ஃபோல்டரில் வைத்தும், பழைய பதிப்பைத் தேடியெடுத்துப் போட்டும் பார்த்தோம். கடைசியில், எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டுப் பார்த்தபோது, எம்எஸ்விசிஆர்120.டிஎல்எல் என்ற பெயருக்கு எதிரே "நேம் நாட் ஃபவுண்ட்" என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. அது விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2013 ரன்டைமை (அதில் எழுதிய மென்பொருள் ஓடத் தேவையான கோப்புத் தொகுப்பை) சேர்ந்த கோப்பு. விண்டோஸில் ஜேகோ 3.1-க்கு அந்த ரன்டைம் கட்டாயம் வேண்டும். சோதனைச் சர்வரில் வேறு ஏதோ ஒரு மென்பொருள் அதை ஏற்கெனவே நிறுவி வைத்திருந்ததால், அது தேவை என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே ரன்டைம் போதும் என்பதால் 2013-க்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ஐத் தனியாகத்தான் நிறுவ வேண்டும், அதுவும் 64 பிட் ஜாவாவுக்கு 64 பிட் ரன்டைமையே நிறுவ வேண்டும்.

உங்களுக்கு வருவது முதல் வகைப் பிழை என்றால், கட்டளைச் சாளரத்தில் ஜேகோவின் ஜாவா பகுதியான எஸ்ஏபிஜேகோ3.ஜார் கோப்பை "ஜாவா -ஜார்" கட்டளையால் ஓட்டிப் பாருங்கள். ஜேகோவின் பதிப்பையும், நேட்டிவ் லைப்ரரி (அந்த டிஎல்எல்) எந்தப் பாதையிலிருந்து ஏற்றப்பட்டது என்பதையும் அது காட்டும். ஆனால் அங்கே எல்லாம் சரியாக வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம், ஏனெனில் அந்தச் சோதனை உங்கள் லாகினின் பாத் மாறியையும் (விண்டோஸ் கோப்புகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலையும்) அதில் முதலில் வரும் ஜாவாவையும் கொண்டு நடக்கிறது; சர்வீஸாக ஓடும் டாம்கேட்டோ தன் அமைப்புச் சாளரத்தின் ஜாவா தாவலில் குறித்த ஜேவிஎம்மை (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரத்தை) கொண்டு, வேறொரு பயனர் கணக்கில் ஓடுகிறது. பயனர் பாத்தில் சேர்த்த ஃபோல்டர் அதன் கண்ணில் படாது. அதே தாவலில் ஜாவா.லைப்ரரி.பாத்தை நேரடியாகக் கொடுத்துவிட்டு சர்வீஸை மறுதொடக்கம் செய்வதே நான் விரும்பும் வழி.

இதே பிழையின் இன்னொரு வடிவமும் உண்டு. ஒரே டாம்கேட்டில் இரண்டு செயலிகள் தங்கள் வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் ஆளுக்கொரு ஜேகோ ஜாரை வைத்திருந்தால், இரண்டாவதாக ஏறும் செயலிக்கு, நேட்டிவ் லைப்ரரி வேறொரு கிளாஸ்லோடரில் (ஜாவா நிரல்களை ஏற்றும் பகுதியில்) ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது என்ற செய்தி வரும். இரண்டிலிருந்தும் ஜாரை நீக்கிவிட்டு, டாம்கேட்டின் பொது லிப் ஃபோல்டரில் ஒன்றே ஒன்றை வையுங்கள். வைக்கும்போது எஸ்ஏபிஜேகோ3.ஜார் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். மேவன் என்ற ஜாவா பில்ட் கருவியின் பழக்கத்தில் பதிப்பு எண்ணைச் சேர்த்துப் பெயரை மாற்றினால், மூலப் பெயரை மாற்ற அனுமதியில்லை என்று ஜேகோ தொடங்கும்போதே மறுத்துவிடும்.