மண்ணும் கல்லும் படித்தால் வருமானம் எப்படி?

கேள்வி: மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. புவிச்சரிதவியல் (பாறை, மண் பற்றிய படிப்பு) படிக்க ஆசைப்படுகிறாள். செலவையும் பிறகு வரும் சம்பளத்தையும் எப்படி ஒப்பிடுவது?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அம்மா, பேராதனையில் விஞ்ஞானபீடம் வழியாகப் புவிச்சரிதவியல் படிக்கலாம், மொறட்டுவையில் பொறியியல்பீடம் வழியாகப் புவிவளப் பொறியியல். இரண்டும் அரச பல்கலைக்கழகங்கள், கற்கைக் கட்டணம் இல்லை. அறை, சாப்பாடு, பஸ், களப்பயணம் ஆகியவற்றை மாதக்கணக்கில் எழுதி, மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் அதைக் கழியுங்கள். விஞ்ஞானபீடத்தில் சிறப்புப் பட்டம் 4 வருடம். பொதுப் பட்டம் 3. இந்தத் துறையில் வேலை தேடுபவருக்கு அந்த நாலாம் வருடம் வீண்போகாது.

சம்பளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உதாரணத்துக்கு, ஐந்து பட்டதாரிகள் 60, 65, 70, 75, 330 ஆயிரம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். சராசரி 120 ஆயிரம். நடுவில் நிற்பவருக்கோ 70 தான். நடு ஆளைப் பாருங்கள். களப்படியைச் சம்பளத்தோடு கூட்டவேண்டாம், களவேலை நின்றால் அதுவும் நிற்கும். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா என்றும் கேளுங்கள்.

வேலை தருமிடங்கள்: புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம், நீர்வளச் சபை, புல்மோட்டைக் கனியமணல் நிறுவனம். வவுனியாவின் கருங்கல்லில் நீர் நிற்கும் வெடிப்பு எங்கே என்று தெரியாமல் குழாய்க்கிணறு துளைத்தால் காசு மண்ணுக்குள்தான். அதை அறிந்து சொல்ல நம் வன்னிக்கு ஆள் தேவை.