கீழ் வரிசை சிமெண்ட் கல்லாகிவிட்டது, சலித்துப் போடலாமா?

கேள்வி: தளம் போட 60 மூட்டை சிமெண்ட் இறக்கினோம். ஐப்பசி மழையில் வேலை நின்று ஐந்து வாரம் ஆகிறது. பூசாத அறையில், வெறுந்தரையில், சுவரை ஒட்டி 14 மூட்டை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. கீழ் மூட்டைகள் இறுகிவிட்டன. சலித்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: இறுகியது பாரத்தாலா, ஈரத்தாலா என்று முதலில் பாருங்கள். மூட்டையைத் தரையில் தள்ளி நாலைந்து முறை உருட்டுங்கள். மேலே 13 மூட்டை, அதாவது 650 கிலோ உட்கார்ந்ததால் இறுகியதென்றால் தளர்ந்துவிடும். பிரித்து ஒரு கட்டியை விரலால் நசுக்குங்கள். மாவாக உதிர்ந்தால் பயமில்லை. சுத்தியல் கேட்டால் ஈரம் பட்டு உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

அதைச் சலிக்கச் சொல்வதுதான் தப்பு. சல்லடை கட்டியை மட்டுமே பிடிக்கும். கீழே விழும் தூளும் பாதி ஈரம் குடித்ததுதான், பிடிப்பு குறைந்திருக்கும். தளம், தூண், பீம் எதற்கும் அது வேண்டாம். மேல் மூட்டைகளில் கையை விட்டுப் பாருங்கள்: குளுகுளுவென்று, நெருநெருப்பில்லாமல் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

மீதியை இன்றே மாற்றி அடுக்குங்கள். செங்கல் வைத்து அதன்மேல் பலகை, தரையிலிருந்து அரையடி உயரம். பலகைமேல் பாலிதீன் தாள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் போகாமல். எட்டைத் தாண்டினால் ஒரு வரிசை நெடுக்கிலும் அடுத்தது குறுக்கிலும் வையுங்கள், சரியாது. மேலே, பக்கவாட்டில் எல்லாம் தாளால் மூடி, கதவு ஜன்னலையும் சாத்துங்கள். நெல் மூட்டைபோல் காற்றாட வைக்கிறார்கள் பலர். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரமே சிமெண்டுக்குப் போதும். பிளாஸ்டிக் சாக்கின் இழை இடுக்கு வழியாக அது உள்ளே போய்விடும்.

அடுத்த முறை, சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகை) அடித்து, கம்பி கட்டிய பிறகு சிமெண்ட் இறக்குங்கள். சாக்கில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். 32 என்றால் ஆகஸ்ட் முதல் பாதி. மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் தளத்துக்குப் போடக்கூடாது. லாரியிலிருந்து இறக்கும்போதே மூட்டையின் நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள், அங்கேதான் முதலில் இறுகும். இறுகியதை அப்போதே திருப்பி, பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் வீட்டில் வைத்து இறுகியதற்கு அவரைக் கேட்க முடியாது.