கணவரின் குறட்டையும் உங்கள் நித்திரையின்மையும்

சாவகச்சேரியிலிருந்து 54 வயதுப் பெண்மணி ஒருவர் கேட்கிறார்: "என் கணவர் பலமாகக் குறட்டை விடுகிறார். நானோ கனடாவிலுள்ள மகனுடன் நள்ளிரவுவரை கதைத்துவிட்டு, பிறகு நித்திரை வராமல் புரண்டுகொண்டிருக்கிறேன். அவருக்கு மாரடைப்பு வந்துவிடுமா?"

அம்மா, கணவருக்காகக் கவலைப்படும் நீங்கள், உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல நித்திரையின்போது குருதி அமுக்கம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். நித்திரை குறைந்தாலோ அடிக்கடி கலைந்தாலோ இந்த இறக்கம் சரிவர நிகழாது. அந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் உயர் குருதி அமுக்கம், நீரிழிவு ஆகியவற்றின் வழியாக இதயநோய் ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. வளர்ந்தோருக்கு 7 முதல் 9 மணி நேர நித்திரை தேவை என்று கூறும் அமெரிக்க இதயச் சங்கம், 2022இல் அதனை இதய நலத்தின் எட்டு அடிப்படைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

உங்கள் கணவரின் குறட்டை திடீரென நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே கேளாமல், பின்னர் திணறலோடு மீள்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அது நித்திரையில் ஏற்படும் மூச்சுத்தடையாக இருக்கலாம். ஒவ்வொரு தடையின்போதும் குருதியில் ஒட்சிசன் குறைந்து அமுக்கம் ஏறுகிறது. கைத்தொலைபேசியில் அதனைப் பதிவுசெய்து வைத்தியரிடம் காட்டுவது மிகவும் உதவும்.

இந்நோய் ஆண்களிடம் அதிகம் என்றாலும், மாதவிடாய் நின்ற பின் பெண்களிடமும் கூடுகிறது. பெண்களுக்குப் பலத்த குறட்டை இல்லாமலே களைப்பு, காலைத் தலைவலி, நித்திரையின்மை என அது வெளிப்படுவதுண்டு. வீட்டுவேலைக் களைப்பு என்று அதனை ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பிரித்தானிய அரச ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கிய பெண்களிடம் உயர் குருதி அமுக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆண்களிடம் அத்தொடர்பு தென்படவில்லை. நித்திரைக் குறைவுதான் காரணம் என்று இதனால் நிறுவிவிட முடியாது, எனினும் உங்கள் வயதில் இதனைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது.

ஆகவே இருவரும் சேர்ந்தே சென்று குருதி அமுக்கம், சீனி, கொலஸ்ரரோல் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வைத்தியரைக் கேளாமல் நித்திரைக் குளிசை எடுக்க வேண்டாம். சில குளிசைகள் மூச்சுத்தடையை மோசமாக்கும். மகன் ரொறன்ரோவில் இருந்தால், கோடைகாலத்தில் அங்கு இரவு 9 மணியாகும்போது இங்கு காலை 6.30, உங்கள் உரையாடலை அந்நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.