கை மறக்குமா?

கேள்வி: சார், எங்கப்பா சத்துவாச்சாரி பக்கம் ஒரு சர்ச்ல இருபது வருஷத்துக்கு மேல கிட்டார் வாசிச்சவரு. போன வருஷம் மூளையில ஆபரேஷன். இப்போ நல்லா பேசறாரு, நடக்கறாரு, ஆனா கிட்டார கையில எடுத்தா ஒரு கார்டு (chord) கூட ஞாபகம் வரலன்னு திரும்ப கொண்டுபோய் மூலையில வச்சுடறாரு. பாட் மார்ட்டினோன்னு ஒரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் எல்லாத்தையும் மறந்துட்டு திரும்ப வாசிச்சாராமே, நெஜமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: நெஜம்தாம்மா. நாட்டுலயே முதல் நியூரோ சர்ஜரி டிபார்ட்மெண்ட்ட 1949-ல டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்ச சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கற ஊர்லருந்து இந்தக் கேள்வி வருது, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மார்ட்டினோ 1944-ல பிலடெல்பியாவுல பொறந்தவரு. 12 வயசுல கிட்டார தொட்டாரு, மீசை முளைக்கறதுக்குள்ள நியூயார்க் போயி ஜாக் மெக்டஃப் மாதிரி ஆர்கன்காரங்களோட ராத்திரி ராத்திரியா கிளப்புல வாசிச்சாரு, 1967-ல எல் ஹோம்ப்ரேன்னு சொந்த ஆல்பம், அடுத்த வருஷமே தபலா தம்புராவெல்லாம் வச்சு பையினான்னு இன்னொண்ணு. நம்ம பசங்க முதல் கம்பிக்கு 9, 10 கேஜ் தடிமன்ல வாங்குவாங்க, அவரு போட்டது 16! அவ்ளோ தடிமன் கம்பியில அந்த வேகம் எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

70-கள்ல வலிப்பு வர ஆரம்பிச்சுது. டாக்டருங்க மனநோய்னு நெனச்சு ஷாக் ட்ரீட்மெண்ட் வரைக்கும் குடுத்திருக்காங்க. பொறக்கும்போதே மூளையில ரத்தக்குழாய்ங்க சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி பின்னிக் கெடந்திருக்கு, அது கசிஞ்சப்பதான் 1980-ல ஆபரேஷன். கண்ண முழிச்சா பெத்தவங்களயே யாருன்னு தெரியல, கிட்டாரிஸ்டா இருந்ததும் ஞாபகம் இல்ல.

இனிமேல் சொல்றத உங்க அப்பாவுக்காக கவனமா படிங்க. மார்ட்டினோவோட அப்பா பாசத்துல, புள்ளைக்கு ஞாபகம் வரட்டும்னு கீழ ரூம்ல அவரோட பழைய ரெக்கார்டுங்கள போடுவாராம், மேல படுத்துக் கெடந்தவருக்கு அது பெரிய வேதனையா இருந்திருக்கு. யாரோ வாசிக்கறத காட்டி இது நீதான், நீதான்னு சொன்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அப்புறம் தானாவே கிட்டார எடுத்து, சின்னப் பையன் பொம்மைய வச்சு விளையாடற மாதிரி தடவ ஆரம்பிச்சப்பதான் விரலுக்கு கொஞ்சம் கொஞ்சமா வழி தெரிஞ்சுது, பழைய ரெக்கார்டுங்களும் அதுக்கப்புறம்தான் அவருக்கு வாத்தியாராச்சு. திரும்ப வந்து 1987-ல நியூயார்க்ல மேடையில வாசிச்சு ஆல்பமா போட்டாரு, அதுக்குப் பேரே த ரிட்டர்ன். ஏழு வருஷம்மா! அப்புறம் முப்பது வருஷம் வாசிச்சாரு, 2021-ல 77 வயசுல காலமானாரு.

உங்கப்பாவுக்கும் இப்படியே நடக்கும்னு நான் எழுதித் தரமுடியாது, எந்த இடத்துல ஆபரேஷன்ங்கறத பொறுத்தது அது, உங்க டாக்டருக்குத்தான் தெரியும். அவருகிட்டயும் பிசியோ பண்றவங்ககிட்டயும் இவரு கிட்டார் வாசிக்கறவருன்னு கண்டிப்பா சொல்லுங்க. ஜி கார்டு வாசிங்கப்பா, ஞாபகம் இல்லயான்னு யாரும் பரீட்சை வைக்காதீங்க. சர்ச்ல வாசிச்ச பழைய வீடியோ போன்ல இருந்தா அவரா கேட்டா மட்டும் போடுங்க. கிட்டார மூலையிலருந்து எடுத்து, டியூன் பண்ணி, கட்டில் பக்கத்துல கைக்கு எட்டற மாதிரி வைங்க. ஒரு வருஷமா வாசிக்காததுல விரல் நுனி மெத்துனு ஆயிருக்கும், கம்பி குத்தும், கடையில சொல்லி மெல்லிசான செட்டா மாத்திடுங்க.