வரத்துக்கால்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாமாண்டு வேதியியல் படிக்கிறேன். எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணியின் மாணவர் தலைவராக இருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஐம்பது பேர் போகிறோம். ஊருணி தூர்வாருதல், 200 மரக்கன்றுகள் நடுதல், சுவரோவியம், விழிப்புணர்வுப் பேரணி, கண் மருத்துவ முகாம் எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. ஏழு நாளை எப்படிப் பிரித்தால் அத்தனையும் முடியும்? முகாமுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயரும் சொல்ல வேண்டும்.

கா.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அதே வட்டாரத்தில் ஓர் ஊருணிக் கரையில் நின்றுவிட்டு வந்தேன். மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டோரப் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது, வயலில் நிற்கிறது. ஊருணிக்குள் மட்டும் ஆடு மேய்கிறது. போன கோடையில் இயந்திரத்தை இறக்கி ஆழப்படுத்தியிருக்கிறார்கள். எவ்வளவு செலவு என்று பலகை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிற வழியான வரத்துக்காலை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம். அதனால் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரணியை விடுங்கள். சுவரோவியத்தையும் விடுங்கள். கண் முகாம் நல்ல காரியம், ஆனால் அது மருத்துவர்கள் செய்கிற வேலை, உங்களில் நாலு பேர் கூட இருந்தால் போதும். மரக்கன்று? மாசி மாதத்தில் அந்தச் செம்மண்ணில் கன்று வைத்துவிட்டு ஏழாம் நாள் பஸ் ஏறினால் பங்குனி வெயிலில் அது கருகிச் சாகும். 200 கன்றைச் சாகக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை? கன்று வைக்க வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியில் பத்தே பத்து வையுங்கள். முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஊருணிக்கு வருகிறேன்.

1989 ஜனவரி. நானும் இரண்டாமாண்டு மாணவன். நாங்களும் ஐம்பது பேர், மானாவாரிப் பூமியில் ஒரு சிற்றூர், பள்ளிக்கூடத்தில் படுக்கை. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டு போயிருந்தோம். முதல் நாள் மண்வெட்டியோடு ஊருணிக்குள் இறங்கியபோது கரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் தலைமுறையாகக் கண்மாய்க்கு நீர் பாய்ச்சுகிற வேலை. "குழியத் தோண்டி என்ன தம்பி செய்யப் போறீக? வரத்துக்கால் அடைஞ்சுல்ல கெடக்கு" என்றார். எங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். நிரலில் அது இல்லை, நேரமும் இல்லை என்றார். நானும் சரி என்று இறங்கிவிட்டேன்.

ஏழு நாளும் உள்ளங்கை கொப்பளிக்க வெட்டினோம். அள்ளிய வண்டலைச் சட்டி சட்டியாகக் கரை உச்சியில் கொட்டினோம். சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டிப் போட்டோம், அடிக்கட்டையைத் தோண்டாமல் விட்டால் அது கொத்தாகத் துளிர்க்கும் என்று தெரியாமல். அந்த ஊரில் பெண்கள் குடிதண்ணீருக்கு வெகுதூரம் நடந்தார்கள். நாங்கள் ஐம்பது பேர் தினமும் இரண்டு வேளை குளித்தோம், தம்பி. அந்தத் தண்ணீர் யார் இடுப்பில் வந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கடைசி நாள் விழா, மாலை, போட்டோ.

மறு கார்த்திகையில் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போனவன் ஆசையாக ஊருணியைப் பார்க்கப் போனேன். கரையில் கொட்டிய வண்டல் முழுக்க மழையில் கரைந்து உள்ளே இறங்கியிருந்தது. கணுக்கால் அளவுக்குச் சேறு. கருவேலம் முன்னைவிட அடர்த்தி. பெரியவர் அதே இடத்தில் இருந்தார். ஒரு குற்றமும் சொல்லவில்லை. "சாப்பிட்டியளா தம்பி?" என்றுதான் கேட்டார். இன்றுவரை அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊருணி என்பது குழி அல்ல. மேட்டு நிலத்தில் விழுகிற மழை ஓடிவருகிற பாதை, அந்த வரத்துக்கால், அதுதான் ஊருணிக்கு உயிர். அது எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது, யார் வரப்பை நகர்த்தினார்கள், எந்த ரோடு போட்டபோது குழாய் பதிக்காமல் விட்டார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடம் இருக்கும். வாய்க்கால் புறம்போக்கு எதுவரை என்று அதில் பார்த்துக்கொண்டு, ஊராட்சித் தலைவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். ஆழத்தில் பெருமை இல்லை. அடியில் இருக்கிற களிமண் படிவத்தைக் கிழித்துவிட்டால் வருகிற தண்ணீரும் நிற்காமல் இறங்கிப் போகும். எதுவரை வெட்டலாம் என்று நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் கேளுங்கள். அந்த மண்ணை வெட்டிப் பழகிய கைகள் அவர்களுடையவை.

உங்கள் திட்டத்தை மறுபடி வாசித்துப் பார்த்தேன். தூர்வாருதல் இருக்கிறது, நடுதல் இருக்கிறது, வரைதல் இருக்கிறது. கேட்டல் என்று ஒரு வரி இல்லை. அந்த ஊருக்கு நீங்கள் ஒருமுறைகூடப் போகவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது உங்கள் நாட்டு நலப்பணித் திட்டம். அந்தக் காந்தி 1936இல் சேகாவ் கிராமத்துக்குக் குடியே போனார். பிற்பாடு சேவாகிராமம் ஆனது அந்த ஊர்தான். உங்களைக் குடிபோகச் சொல்லவில்லை. வருடத்துக்கு 120 மணி நேரம் சேவைக்கென்று உங்களுக்கு விதித்திருக்கிறார்கள் அல்லவா, அதில் பத்து மணி நேரத்தை முகாமுக்கு முன்னால் அந்த ஊரில் செலவழியுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். பத்தொன்பது வயதில் ஒரு வார விடுமுறையை ஓர் ஊருக்குக் கொடுக்க முன்வந்த பிள்ளை நீங்கள். கொப்பளித்த அந்தக் கைகளை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். அவை வீணாகப் போனதுதான் என் வருத்தம். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

இப்போது கார்த்திகை. மழை இன்னும் முடியவில்லை. தண்ணீர் எங்கே திரும்புகிறது என்பதை மழை பெய்யும்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். பிப்ரவரியில் தேடினால் தடயம்கூட இருக்காது. அடுத்த மழை நாளில் இரண்டு பேராகக் குடை எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டு போங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து எனக்கும் எழுதுங்கள், வருகிறேன்.