இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு வாரம் தங்கப்போகிறேன். எங்கே சாப்பிடலாம், எங்கே காலார நடக்கலாம்?

கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக ஒரு மே மாதத்தில் மூன்று வாரம் அங்கே இருந்தோம். நான் சுத்த சைவம், அதனால் அந்தக் கண்ணோட்டத்திலேயே சொல்கிறேன்.

முதலில் சாப்பாட்டு நேரத்தைக் கவனியுங்கள். போன அன்றே ராத்திரி ஒன்பதேகாலுக்கு ஒரு பப்பில் நுழைந்தோம். வெளியே வெளிச்சம் போகவில்லை, அதனால் மணி தெரியவில்லை. பப் திறந்திருந்தது, ஆனால் சமையலறையை மூடிவிட்டார்கள். ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனோம். ஏழரைக்குள் போய்விடுங்கள். பெரும்பாலான பப்களில் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்து உட்கார வேண்டும்.

நடக்க ஒரே ஒரு இடம்தான் சொல்ல வேண்டுமென்றால் கிராண்ட்செஸ்டர் கிராமம். பஸ் வேண்டாம், தயவுசெய்து நடந்தே போங்கள். நியூன்ஹாம் பக்கம் தெருக்கள் முடிந்ததும் புல்வெளி ஆரம்பிக்கும், இடது பக்கம் கேம் ஆறு கூடவே வரும். ஊர் நடுவிலிருந்து நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். மாடுகள் பாதையிலேயே நின்று மேயும். நாங்கள் சுற்றிக்கொண்டு போனோம், அவை தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. போய்ச் சேரும் இடத்தில் 'தி ஆர்ச்சர்ட்' தோட்டம். 1897-லிருந்து அங்கே பழமரங்களுக்கு அடியில் டீ கொடுக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் ரூபர்ட் புரூக் அந்தத் தோட்டத்து வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தார். சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சூடான ஸ்கோன் என்ற குட்டி ரொட்டியைப் பிளந்து, ஜாமும் கெட்டி க்ரீமும் வைத்துச் சாப்பிடுங்கள். நடந்து வந்த பசிக்கு அது அமிர்தம்.

ஊருக்குள் டிரம்பிங்டன் தெருவில் ஃபிட்ஸ்பில்லீஸ். நூறு வருஷத்துக்கு மேலான பேக்கரி. அங்கே செல்சி பன் வாங்குங்கள்: பாய் மாதிரி சுருட்டிய மாவு, உள்ளே உலர் திராட்சை, மேலே கையோடு ஒட்டும் பாகு. வெளிச்சுற்றிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் வரும் நடுப்பகுதிதான் ருசி. ஒன்றை இருவர் பகிரலாம்.

பெனட் தெருவில் 'தி ஈகிள்' பப். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 1953 பிப்ரவரியில் விஞ்ஞானி பிரான்சிஸ் கிரிக் அறிவித்தது இங்கேதான். பின்னறையில் தலையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் விமானிகள் லைட்டராலும் மெழுகுவத்தியாலும் கூரையில் சுட்டு எழுதிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் டிரினிட்டி தெருவில் நடங்கள். டிரினிட்டி கல்லூரியின் பெரிய வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது அந்தக் கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட் கட்டடம். ராமானுஜன் அங்கே தங்கியிருந்தார். 1914-ல் வந்தவர், சைவத்தை விடவில்லை. தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். அப்போது முதல் உலகப்போர்க் காலம், கேட்ட சாமான் கிடைக்காது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மில் ரோட்டில் ஆசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அன்றைக்கே துவரம்பருப்பும் புளியும் வாங்கிவந்து ரசம் வைத்தேன். சமையல் வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுங்கள்.