சாவி ஒரு வீட்டில், கதவு இன்னொரு வீட்டில்: பாலஸ்தீனக் குடும்பங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஜோர்டான் தலைநகர் அம்மானில் 11 வருடம் கணக்கு வேலை பார்த்தேன். உடன் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பாலஸ்தீனர்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர், எந்த வீடு?" என்பதுதான். அங்கே தொற்றிய ஆர்வம் இன்னும் விடவில்லை, கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: 'ஹமூலா' என்கிறார்களே, அது நம் ஊர்ச் சாதி மாதிரியா?

இல்லை. 'பங்காளிகள்' என்ற சொல்தான் நெருக்கமாக வரும். ஒரே மூதாதையின் ஆண்வழியில் வந்தவர்கள் எல்லாரும் ஒரு ஹமூலா. கிராமத்தில் இதற்கு நடைமுறைப் பொருள் இருந்தது. 'முஷா' என்னும் பொதுநிலத்தைச் சில வருடத்துக்கு ஒருமுறை ஹமூலாக்களுக்குள் பங்கு பிரித்து உழுதார்கள். விருந்தாளி வந்தால் தங்க 'மதாஃபா' என்று ஒரு பொது வீடு. ஒருவன் கொலை செய்துவிட்டால் ரத்தப்பணத்தில் பங்காளிகள் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு.

பங்காளி என்று சொல்லும்போது ஒரு வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பழைய வழக்கப்படி பெண் கேட்கும் முதல் உரிமை பெரியப்பா, சித்தப்பா மகனுக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அது அண்ணன் தங்கை முறை.

இது கிராமத்துக் கதை. ஹுசைனி, காலிதி, நஷாஷிபி என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்களெல்லாம் நகரத்துப் பெருங்குடும்பங்கள். ஒட்டோமான் காலத்தில் காஜி பதவி, வக்ஃபு நிர்வாகம், வரி வசூல் என்று அரசுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று வளர்ந்தவர்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கேள்வி: ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தின் சாவி முஸ்லிம் குடும்பத்திடம் இருப்பது உண்மையா?

உண்மை. இரண்டு குடும்பங்கள். சாவியை வைத்திருப்பது ஜூதா குடும்பம். அதை வாங்கிக் கதவைத் திறந்து மூடுவது நுசைபா குடும்பம். ஒரு சாணுக்கும் மேல் நீளமான இரும்புச் சாவி அது. விடியுமுன் கதவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக உள்ளேயிருந்து ஒரு மர ஏணியை நீட்டுவார்கள். நுசைபா வீட்டுக்காரர் அதில் ஏறி மேல்பூட்டைத் திறப்பார். தங்கள் உரிமை கலீஃபா உமர் நகருக்கு வந்த 7ஆம் நூற்றாண்டிலிருந்து வருவதாக நுசைபாக்கள் சொல்கிறார்கள். 1187-ல் சலாஹுத்தீன் நகரைப் பிடித்த பிறகு அது மறுபடி உறுதியானது என்பது அவர்கள் வீட்டு வரலாறு.

உள்ளே கிரேக்கர், லத்தீன், ஆர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு சபைகள். ஒரு படிக்கட்டை யார் பெருக்குவது என்பதற்கே அடிதடி நடந்த இடம். அதனால் வாசல் வெளியாள் கையில் இருப்பது எல்லாருக்கும் வசதி. ஆனால் "சண்டையைத் தீர்க்கத்தான் முஸ்லிமிடம் கொடுத்தார்கள்" என்பது பாதிக் கதை. யாத்ரிகர்கள் உள்ளே போகக் கட்டணம் கட்டிய காலம் உண்டு. வாசல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் ஆட்சி இருக்கிறது என்பதும் அதில் அடங்கும்.

கேள்வி: இப்போது யார் பெரிய பணக்காரக் குடும்பம்?

சொத்துப் பட்டியல் என்னிடம் இல்லை.

கேள்வி: போலீசுக்குப் போகாமல் பெரியவர்கள் பஞ்சாயத்து செய்வார்களாமே?

'சுல்ஹா' என்பார்கள். கொலை நடந்தால் முதலில் 'அத்வா', அதாவது பழிவாங்காமல் இருக்க ஒரு தவணை. பிறகு 'ஜாஹா', மதிப்புள்ள பெரியவர்கள் கூட்டமாகப் போய்ப் பேசுவது. கடைசியில் ரத்தப்பணமும் கைகுலுக்கலும்.

ஜாஹா நல்ல காரியத்துக்கும் உண்டு. உடன் வேலை செய்தவரின் தம்பிக்குப் பெண் கேட்க நானும் போனேன். நாற்பது ஆண்கள் இருப்போம். எல்லார் கையிலும் கசப்புக் காபி, சின்னக் கிண்ணத்தில். எங்கள் பக்கத்துப் பெரியவர் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் எதிரே வைத்துவிட்டார். அவர் குடிக்காததால் யாரும் குடிக்கவில்லை. அவர் எழுந்து இரண்டு குடும்பத்தின் பெருமையையும் சொல்லிப் பெண் கேட்டார். பெண் வீட்டுப் பெரியவர் "உங்கள் காபியைக் குடியுங்கள்" என்றார். சம்மதம் என்ற சொல்லே வரவில்லை. காபி ஆறிப்போயிருந்தது, நாற்பது பேரும் ஒரே மடக்கில் குடித்தோம்.

இதை அழகான பழைய வழக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். 1988-ல், முதல் இன்திஃபாதா என்னும் பாலஸ்தீனர் எழுச்சியின்போது, இஸ்ரேல் நிர்வாகத்தில் இருந்த பாலஸ்தீனப் போலீஸ்காரர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். திருட்டு, அடிதடி, வரப்புத் தகராறு எல்லாம் பெரியவர்களிடம்தான் போயின. நம்பிப் போக வேறு வாசல் இல்லாதபோது குடும்பம்தான் நீதிமன்றம்.

கேள்வி: ஹுசைனிகளும் நஷாஷிபிகளும் அடித்துக்கொண்டதால்தானே பாலஸ்தீனம் பறிபோனது?

இந்தக் கேள்வி மட்டும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. நான்கு பேருக்கும் சேர்த்துப் பதில்.

சண்டை உண்மை. அதற்கு எண்ணெய் ஊற்றியவர் யார் என்று பாருங்கள். 1920 ஏப்ரல் கலவரத்துக்குப் பிறகு, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷார் ஜெருசலேம் மேயர் மூசா காசிம் அல் ஹுசைனியை நீக்கி, ராகிப் அல் நஷாஷிபியை உட்கார வைத்தார்கள். மறுவருடம் முஃப்தி பதவி, அதாவது நகரின் தலைமை மார்க்க அறிஞர் பதவி, காலியானது. தேர்வில் நான்காவதாக வந்த ஹாஜ் அமீன் அல் ஹுசைனிக்கு வழிவிட்டு, முதல் மூவரில் ஒருவர் விலகும்படி ஆனது. மேயர் பதவி அந்த வீட்டுக்கு, முஃப்தி பதவி இந்த வீட்டுக்கு. இப்படித் தராசில் நிறுத்துவது ஆட்சி செய்ய வசதி. 1934, 1935-ல் கட்சிகள் பிறந்தபோது நஷாஷிபிகளுக்கு ஒன்று, ஹுசைனிகளுக்கு ஒன்று, காலிதிகளுக்கு ஒன்று.

அந்த நால்வரில் ஒருவர் மறுபடி: பிரிட்டிஷார் மேல் பழி போட்டுத் தப்பிக்க வேண்டாம். 1938-ல் இவர்களே ஒருவரையொருவர் கொன்றார்களே?

கொன்றார்கள். நான் மறைக்கவில்லை. நஷாஷிபி தரப்பு 'சமாதானப் படை' என்று கட்டிப் பிரிட்டிஷாரோடு நின்றது. அதை நடத்திய ஃபக்ரி அல் நஷாஷிபி 1941-ல் பாக்தாதில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் 1936 முதல் 1939 வரை பிரிட்டிஷாருக்கு எதிராக நடந்த கிளர்ச்சியை நடத்தியது யார்? 1936-ல் ஆறு மாதம் நீடித்த வேலைநிறுத்தம் நாப்லுஸ், யாஃபா போன்ற ஊர்களின் உள்ளூர்க் குழுக்களில் தொடங்கியது. பெரிய குடும்பங்களின் உயர்குழு பிறகுதான் வந்தது. மலையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். 1938-ல் அவர்கள் நகரத்து ஆண்களுக்கு ஓர் உத்தரவு போட்டார்கள்: தர்பூஷைக் கழற்று, கஃபியா கட்டு. குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி எஃபெந்திமார், அதாவது நகரத்து மேல்தட்டுக்காரர்களின் அடையாளம். கஃபியா உழுகிறவன் தலைத்துணி. சில நாளில் நகரத் தெருவெல்லாம் கஃபியா. இன்று உலகமே அடையாளம் காணும் அந்தத் துணி, பெரிய வீட்டுக்காரர்கள் விவசாயி சொல் கேட்டுக் கட்டியது. இதை விட்டுவிட்டு வரலாற்றை இரண்டு வீட்டுச் சண்டையாகச் சொன்னால், அந்த விவசாயிகளை மறுபடி அழிக்கிறோம்.

இன்னொருவர்: அப்படியானால் குடும்பச் சண்டைக்குப் பங்கே இல்லையா?

உண்டு, தலைமையை உடைத்தது. ஆனால் 1938 வாக்கில் 20,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், தூக்குத் தண்டனை, வீடு இடிப்பு, நாடுகடத்தல் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின. ஜெருசலேம் மேயர் ஹுசைன் காலிதியையே செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். இரண்டையும் ஒரே எடையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: யாசர் அரபாத் ஹுசைனி குடும்பம்தானே?

அவர் தந்தை காசாவின் அல் குத்வா குடும்பம். அந்தப் பெயரோடும் 'அல் ஹுசைனி' ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஜெருசலேம் ஹுசைனிகள் வேறு. பெயரின் வாலைப் பிடித்து ஆளை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நிலத்தை யூதர்களுக்கு விற்றதே இந்தப் பெரிய குடும்பங்கள்தான் என்கிறார்களே?

வட பாலஸ்தீனத்தின் இப்னு ஆமிர் சமவெளியை 1920-களில் பெருமளவில் விற்ற சுர்சுக் குடும்பம் பெய்ரூத் வணிகர்கள், பாலஸ்தீனர்கள் அல்ல. உழுதுகொண்டிருந்த குத்தகைக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மேடையில் ஒன்று பேசி மறைவில் நிலம் விற்ற பாலஸ்தீனப் பெருமக்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: முஃப்தி ஹாஜ் அமீன் ஹிட்லரைச் சந்தித்தார். பிறகு என்ன நியாயம்?

சந்தித்தார், 1941 நவம்பரில், பெர்லினில். நாஜிகளுக்காக வானொலியிலும் பேசினார். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. முஃப்தியின் ஊரான ஜெருசலேமைச் சேர்ந்த யூசுஃப் தியா அல் காலிதி, 1899-ல் சியோனிச இயக்கத் தலைவர் ஹெர்ஸலிடம் சேர்க்கும்படி பிரான்சின் தலைமை ரப்பிக்குக் கடிதம் எழுதினார். யூதர்களின் துயரத்தை மதித்து எழுதிவிட்டு, கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை நிம்மதியாக விடுங்கள் என்று கேட்டார். அதையும் படியுங்கள். ஒரு பெரிய வீட்டு ஆளை வைத்து எல்லாரையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நாப்லுஸ் சோப்புக்கும் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு?

சோப்புக்கு ஆலிவ் எண்ணெய் மொத்தமாக வேண்டும், அதற்கு முதல் வேண்டும். துகான், மஸ்ரி, நாபுல்ஸி, ஷக்கா போன்ற வீடுகளிடம் அது இருந்தது. நாப்லுஸ் வணிகர்கள் அறுவடைக்கு முன்பே விவசாயிக்குக் காசு கொடுத்து எண்ணெயை வாங்கிவிடுவார்கள். மணக்கும் சோப்புக்குப் பின்னால் கிராமத்தின் கடனும் இருக்கிறது.

கேள்வி: பெண்களைப் பற்றி ஒன்றும் காணோமே?

கேட்டதற்கு நன்றி. துகான் வீட்டுப் பெண் ஃபத்வாவை, ஒரு பையன் தெருவில் மல்லிகைப் பூ கொடுத்தான் என்பதற்காகப் பள்ளியை நிறுத்தி வீட்டில் வைத்தார்கள். அண்ணன் இப்ராஹிம் வீட்டிலேயே கவிதை சொல்லிக் கொடுத்தார். ஃபத்வா பாலஸ்தீனத்தின் பெரும் கவிஞர்களில் ஒருவரானார். பெரிய வீடு பெண்ணை அடைத்தும் வைக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

இன்னொருவர் ஹிந்த் அல் ஹுசைனி. 1948 ஏப்ரலில் ஜெருசலேம் அருகே தெய்ர் யாசின் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் நடத்திய படுகொலைக்குப் பிறகு ஜெருசலேம் பழைய நகரத் தெருவில் 55 குழந்தைகள் போக்கிடமில்லாமல் நிற்பதைப் பார்த்தார். தாத்தா கட்டிய குடும்ப மாளிகையை அவர்களுக்குக் கொடுத்தார். 'தாருல் திஃப்ல்', குழந்தைகள் இல்லம் என்று பெயர் வைத்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1994-ல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார்.